குறைந்த செலவில் பரிசுக்கூடை: கூடை சின்னதாக, பொருள் குறைவாக

கேள்வி இதுதான்: மூன்று பேருக்குப் பரிசுக்கூடை கொடுக்க வேண்டும். ஒருவர் ஓய்வு பெறப்போகும் மேலதிகாரி, ஒருவர் குழந்தை பிறந்து இரண்டு மாதமான தோழி, இன்னொருவர் வெளியூரில் தனியாக இருக்கும் அக்கா. கடையில் கட்டி வைத்திருப்பவை விலை கட்டுப்படியாகவில்லை. கட்டுப்படியானாலும் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன, யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் போல. கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தில், அவரவருக்கென்றே செய்தது தெரியும்படி எப்படிச் செய்வது?

உறவுக்கும் நட்புக்குமாகப் பல வருடங்களாகக் கூடை கட்டி வருகிறேன். நான் பார்த்தவரை முக்கால்வாசிப் பேர் ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள். முதலில் அழகான கூடையை வாங்கிவிடுகிறார்கள். அப்புறம் அதை நிரப்பப் பொருள் தேடுகிறார்கள். கூடை பெரிது, பணம் சிறிது. அதனால் இடத்தை அடைக்க ஒரு பிஸ்கட் பாக்கெட், ஒரு சின்ன மெழுகுவத்தி, ஒரு சாவிக்கொத்து, இரண்டு மிட்டாய்ப் பொட்டலம் என்று சேர்ந்துகொண்டே போகும். கடைசியில் செலவு கை மீறியிருக்கும், கூடையில் ஒரு நல்ல பொருள்கூட இருக்காது.

ஆகவே இப்போதைக்குக் கூடையை மறந்துவிடுங்கள். வாங்கிக்கொள்ளப் போகிறவருடைய ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். அந்த நாளில் அவருக்கென்று மிஞ்சும் ஒரு மணி நேரம் எது? அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் கூடை கட்ட வேண்டும்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ‘தேநீர்ப் பிரியர்’, ‘தோட்டப் பிரியர்’ என்று ஆளுக்கு ஒரு பெயர் வைத்தால் கடையில் இருக்கும் அதே கூடைக்குத்தான் போய்ச் சேருவோம். தேநீர் பிடித்தவர்கள் கோடிப் பேர் இருப்பார்கள். ஆனால் வீடு விழிப்பதற்கு முன்னால் எழுந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு கோப்பைத் தேநீரோடு நேற்றைய குறுக்கெழுத்தில் விட்டுப்போன கட்டங்களை நிரப்புகிறவர் உங்களுக்குத் தெரிந்து ஒருவர்தான் இருப்பார். அவருக்கு என்ன வேண்டும்? நல்ல தேயிலை கொஞ்சம், கையில் பிடிக்க வாகான பென்சில், பெரிய எழுத்தில் அச்சிட்ட ஒரு புதிர்ப் புத்தகம், கோப்பை ஆறாமல் இருக்க ஒரு மூடி. நான்கே பொருள். பிரித்துப் பார்த்ததும், ‘என்னைக் கவனித்திருக்கிறாள்’ என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

என் தோழி ஒருத்தி இரவுப் பணி பார்க்கிறாள். ஊர் எழுந்திருக்கும் நேரத்தில் வீட்டுக்கு வந்து தூங்க வேண்டியவள். அவளுக்கு நான் கட்டிய கூடை, அவள் செருப்பைக் கழற்றுவதிலிருந்து கண் அசரும்வரையிலான அந்த ஒரு மணி நேரத்துக்கானது. கனமான சாக்ஸ் ஒரு ஜோடி. வெளிச்சம் புகாத கறுப்புத் துணியில் நானே தைத்த கண்மறைப்பு, அதன் பட்டை காதை அறுக்காதபடி அகலமான எலாஸ்டிக். காஃபின் இல்லாத மூலிகைத் தேநீர். ஒரு நல்ல கைக்களிம்பு. இரவு முழுவதும் கை கழுவும் வேலை அவளுக்கு. இவற்றோடு கதவுக் கைப்பிடியில் மாட்ட ஓர் அட்டை. அதில் அவளுடைய ஏழு வயது மகனைக் கூப்பிட்டு எழுதச் சொன்னேன். ‘அம்மா தூங்குறாங்க. மெதுவா.’ எழுத்து மேலும் கீழுமாக இருந்தது, ஓரத்தில் அவன் ஒரு நிலா போட்டான். அந்தக் கூடையில் செலவே இல்லாத பொருள் அந்த அட்டைதான். களிம்பும் தேநீரும் தீர்ந்து எவ்வளவோ நாளாகிவிட்டது. அட்டை இன்றும் கதவில் தொங்குகிறது.

குறைவாக வைத்தால் கஞ்சத்தனமாகத் தெரியுமோ என்ற கவலை எல்லோருக்கும் உண்டு. இதை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் ஷீ 1998-இல் வெளியிட்ட ஆய்வில் ஐஸ்கிரீமை வைத்து ஒரு சோதனை வருகிறது. 5 அவுன்ஸ் கோப்பையில் 7 அவுன்ஸ் ஐஸ்கிரீம், விளிம்பைத் தாண்டிக் குவிந்து நிற்கிறது. 10 அவுன்ஸ் கோப்பையில் 8 அவுன்ஸ், மேலே காலியிடம் தெரிகிறது. தனித்தனியாகப் பார்த்து மதிப்புச் சொன்னவர்கள், அளவு குறைந்த முதல் கோப்பைக்குத்தான் அதிகம் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் எதில் அதிகம் என்று தெரியும். பரிசுக்கூடையை யாரும் இன்னொரு கூடைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை. சின்னப் பாத்திரத்தில் ததும்ப வைத்தால் தாராளமாகத் தெரிகிறது. அதே பொருளைப் பெரிய கூடையில் வைத்தால் ஏதோ குறைவதாகத் தோன்றுகிறது.

இன்னொன்று 2012-இல் வந்தது. கிம்பர்லி வீவரும் அவரோடு சேர்ந்தவர்களும் செய்தது. கொடுப்பவர்கள் ஒவ்வொரு பொருளின் மதிப்பையும் கூட்டிக்கொண்டே போகிறார்களாம். பெறுபவர்கள் மொத்தத்துக்கும் சேர்த்து ஒரு சராசரி போடுகிறார்களாம். ஒரு நல்ல பொருளோடு ஒரு மலிவான பொருளைச் சேர்த்தால், கொடுப்பவருக்கு அது கூடுதல். பார்ப்பவர் கண்ணில் மொத்தமும் ஒரு படி இறங்கிவிடுகிறது. இதைப் படித்த பிறகு நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். கூடையைக் கட்டுவதற்கு முன்னால், இருப்பதிலேயே சாதாரணமான பொருளை வெளியே எடுத்து வைத்துப் பார்ப்பேன். பெரும்பாலும் அதைத் திரும்ப உள்ளே வைக்கத் தோன்றாது.

சரி, பணத்தை எப்படிப் பிரிப்பது? கையில் உள்ளதைப் பத்துப் பங்காக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பங்கு ஒரே ஒரு பொருளுக்கு. அது அந்த வகையிலேயே நல்லதாக இருக்க வேண்டும். மலிவான வகையில் உயர்ந்த தரம் எடுப்பதுதான் இதில் சூட்சுமம். நடுத்தரமான கைப்பை வாங்கும் பணத்தில் மிக நல்ல கைக்குட்டை வாங்கலாம். சுமாரான பேனா வாங்கும் பணத்தில் அருமையான பென்சில்கள் வாங்கலாம். மூன்று பங்கு, அந்தப் பொருளோடு சேர்ந்து பயன்படும் இரண்டு அல்லது மூன்று துணைப் பொருள்களுக்கு. ஒரு பங்கு பாத்திரம், தாள், ரிப்பன் எல்லாவற்றுக்கும். மீதி ஒரு பங்கைத் தொடாதீர்கள். எதையாவது மறந்திருப்போம், அல்லது அனுப்பும் செலவு கூடும். கடைக்கூடையின் விலையில் பிரம்புக்கூடைக்கும் கண்ணாடித்தாளுக்கும் கட்டும் கூலிக்கும் ஒரு நல்ல தொகை போகிறது. அந்தத் தொகையை நீங்கள் பொருளுக்குள் போடுகிறீர்கள், அவ்வளவுதான்.

பிரம்புக்கூடைதான் வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வெறும் கூடை பாதி வீடுகளில் பரணுக்குத்தான் போகிறது. பாத்திரமே பரிசின் ஒரு பகுதியாக இருந்தால் அந்தச் செலவு வீணாகாது. சமையல் பிடித்தவருக்கு வடிதட்டு அல்லது மாவு கலக்கும் கிண்ணம். செடி வளர்ப்பவருக்கு மண்தொட்டி. வீட்டு ரிப்பேர்களைத் தானே பார்க்கிறவருக்குச் சின்னக் கருவிப்பெட்டி. படிக்கிறவருக்குத் துணிப்பை. பழைய பிஸ்கட் டின்னைக் கழுவிக் காயவைத்து, வெளியே ஒரே நிறத்தில் பெயின்ட் அடித்தால் அதுவும் நன்றாகத்தான் இருக்கும். செருப்பு வந்த அட்டைப்பெட்டிக்கு உள்ளும் புறமும் பழுப்புத்தாள் ஒட்டினால் போதும்.

மூன்று கூடை கட்டப்போகிறீர்கள் என்பது உங்களுக்கு ஒரு வசதி. பெரிய அளவில் வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். நல்ல தேயிலையோ காபிக்கொட்டையோ பெரிய பையாக வாங்கினால் கிராமுக்குக் கிராம் விலை இறங்கும். அதைச் சின்னக் கண்ணாடி ஜாடிகளில் போட்டு, கையால் எழுதிய ஒட்டுத்தாள் ஒட்டினால் மூன்று பேருக்கும் ஆகிவிடும். ஜாடிகளைப் பத்து நிமிடம் கொதிக்கும் தண்ணீரில் போட்டெடுத்து, ஈரம் துளியும் இல்லாமல் காயவையுங்கள். பழைய ஊறுகாய் ஜாடியாக இருந்தால் மூடியை முகர்ந்து பாருங்கள். ஜாடியில் வாசம் போய்விடும், மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தில் போகாது. மூடியை மட்டும் புதிதாக வாங்கிக்கொள்ளலாம்.

வீட்டில் செய்து வைப்பதில் நான் நம்பிச் சொல்லக்கூடியவை இரண்டு மூன்று உண்டு. ஒன்று, உடம்புக்குத் தேய்க்கும் சர்க்கரைக் கலவை. இரண்டு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு எண்ணெய், அவ்வளவுதான் கணக்கு. தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால், குளிரான ஊருக்குப் போவதாக இருந்தால் சூரியகாந்தி எண்ணெய் போடுங்கள். ஈரக் கையை விட்டால் கெட்டுப்போகும். ஆகவே ஒரு சின்ன மரக்கரண்டியையும் ஜாடியோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். இரண்டாவது, வனிலாச் சர்க்கரை. ஒரு வனிலாக் காயைக் கீறி, கால் கிலோ சர்க்கரைக்குள் புதைத்து இரண்டு வாரம் மூடி வைத்தால் போதும். ஒரே ஒரு காய் விலை கூடுதல்தான், ஆனால் அதையே இரண்டு மூன்று ஜாடிகளுக்கு வெட்டிப் பங்கு போடலாம். மூன்றாவது, குக்கீ செய்வதற்கான உலர்பொருள்களை ஒரு ஜாடியில் அடுக்கடுக்காகப் போடுவது. மாவு, சர்க்கரை, ஓட்ஸ், சாக்லேட் துண்டு என்று ஒவ்வோர் அடுக்கையும் கரண்டியின் பின்புறத்தால் அழுத்தினால்தான் கோடு கலையாமல் நிற்கும். வெண்ணெய் எவ்வளவு, முட்டை எத்தனை, அடுப்பின் சூடு எவ்வளவு என்பதை அட்டையில் எழுத மறந்துவிட்டால் அந்த ஜாடி அலமாரியிலேயே கிடக்கும்.

ஒன்றைச் செய்யவே வேண்டாம் என்பேன். பூண்டும் பச்சை மூலிகையும் போட்டு ஊறவைத்த எண்ணெய்ப் பாட்டில் பார்க்க மிக அழகாக இருக்கும். ஆனால் எண்ணெய்க்குள் காற்று இல்லை, பூண்டில் புளிப்பு இல்லை. சாதாரண அறைச் சூட்டில், போட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளர இது தோதான இடம். வாசனையோ நிறமோ மாறாததால் கெட்டுவிட்டது என்று தெரியவும் தெரியாது. மூலிகை போட்ட பாட்டில்தான் வேண்டுமென்றால் வினிகரில் போடுங்கள், அதன் புளிப்பே காவல்.

வாசனையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு முறை லாவண்டர் சோப்பையும் தேயிலைப் பொட்டலத்தையும் ஒரே கூடையில் வைத்து, கண்ணாடித்தாளால் இறுக்கிக் கட்டினேன். கொடுக்க நான்கு நாள் ஆயிற்று. வாங்கியவர் பெருந்தன்மையாக எதுவும் சொல்லவில்லை. அவர் வீட்டுக்குப் போனபோது அந்தத் தேநீரையே எனக்கும் போட்டுக் கொடுத்தார். ஒரு வாய் குடித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, அதில் சோப்பு மணந்தது. தேயிலை, சாக்லேட், பிஸ்கட் எல்லாமே பக்கத்து வாசனையை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் சோப்பு, மெழுகுவத்தி, வாசனைத் திரவியம் ஒரு கூடை. தின்பண்டம் இன்னொரு கூடை. சேர்த்து வைத்துத்தான் ஆக வேண்டுமென்றால் தின்பண்டம் இறுக மூடிய கண்ணாடி ஜாடியில் இருக்கட்டும். சாக்லேட்டுக்கு வெயிலும் ஆகாது. கோக்கோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியில் உருகும். வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு சீக்கிரமே வந்துவிடும். உருகி மறுபடி இறுகினால் மேலே வெள்ளை பூத்துவிடும். தின்னலாம், தப்பில்லை, ஆனால் பழைய சரக்கு போலத் தெரியும்.

இப்போது அடுக்கும் வேலை. சாதாரணப் பொருளை அழகாகக் காட்டுவது இதுதான், செலவும் இல்லை. நான் செய்வதை அப்படியே சொல்கிறேன். பழைய செய்தித்தாளைக் கசக்கிப் பந்து பந்தாகச் சுருட்டி, பாத்திரத்தின் பாதிக்குச் சற்றுக் குறைவாக நெருக்கிப் போடுவேன். கையால் அழுத்தினால் அமுங்கக் கூடாது, அந்த அளவு. அதன்மேல் பாத்திரத்தின் வடிவத்துக்கு வெட்டிய ஓர் அட்டை. இந்த அட்டையைப் பலர் வைப்பதில்லை. அது இல்லாவிட்டால் கனமான ஜாடி மெல்ல மெல்ல உள்ளே இறங்கி, கொடுக்கும் நேரத்தில் தலை மட்டும் எட்டிப்பார்க்கும். அட்டைக்கு மேல் நீள நீளமாக வெட்டிய தாள் துணுக்கு ஒரு சின்ன அடுக்கு. பழுப்புத்தாளைக் கத்தரிக்கோலால் மெல்லிய பட்டையாக வெட்டி விரலில் சுற்றி விட்டால் சுருண்டுகொள்ளும், கடையில் வாங்க வேண்டியதில்லை.

உயரமானது பின்னால், குட்டையானது முன்னால். கனமானது நடுவில், அடியில். முக்கியப் பொருளை நட்ட நடுவில் வைக்காமல் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள், கண் அங்கேதான் போகும். எல்லாப் பொருளும் சற்றே பின்னால் சாய்ந்து, முகம் பார்ப்பவரை நோக்கி இருக்க வேண்டும். லேசான பொட்டலம் நிற்காமல் சரிந்தால், அதன் முதுகில் ஒரு மூங்கில் குச்சியை டேப் போட்டு ஒட்டி, குச்சியைத் தாள் பந்துக்குள் குத்திவிடுங்கள். ஜாடிக்கு அடியில் இருபுறமும் ஒட்டும் டேப் ஒரு துண்டு. முடித்ததும் பாத்திரத்தைக் கையில் எடுத்து லேசாகச் சாய்த்துப் பாருங்கள். எதுவும் நகரவில்லையென்றால் சரி. அப்புறம் ஃபோனில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். நேரில் கண்ணுக்குப் படாத இடைவெளி படத்தில் பளிச்சென்று தெரியும். அந்த இடைவெளியில் புதுப்பொருள் வாங்கிப் போடாதீர்கள். ஒரு காய்ந்த இலைக்கொத்தோ, சுருட்டிய துணியோ போதும்.

மேலே கட்டுவதற்குக் கண்ணாடித்தாள்தான் என்றில்லை. செல்லோஃபேன் என்ற அசல் கண்ணாடித்தாள் மரக்கூழிலிருந்து வரும் செல்லுலோஸில் செய்தது, மண்ணில் மக்கும். இப்போது அந்தப் பெயரில் விற்பதில் பெரும்பாலானது பாலிபுரோப்பிலீன், பிளாஸ்டிக்தான். தாள்தான் வேண்டுமென்றால், இருபக்கமும் எடுத்து மேலே சேர்க்கும்போது உயரமான பொருளுக்கு மேல் ஒரு சாண் மிச்சம் இருக்கும்படி வெட்டுங்கள். முதலில் ரப்பர் பேண்டு போட்டு இறுக்கிவிட்டு, அதன்மேல் ரிப்பன் கட்டுங்கள். ரிப்பனாலேயே இறுக்கப் பார்த்தால் மூன்றாவது கை வேண்டும். ஒரு சாதாரண முடிச்சுக்குச் சுமார் ஒரு மீட்டர் ரிப்பன் பிடிக்கும்.

எனக்குத் துணியில் கட்டுவதுதான் பிடிக்கும். சதுரத் துணியைச் சாய்வாக விரித்து, பெட்டியை நடுவில் வைத்து, எதிரெதிர் மூலைகளை மேலே கொண்டுவந்து முடிச்சுப் போட வேண்டும். துணியின் மூலைக்கு மூலை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு பெட்டி இருந்தால் அளவு கச்சிதமாக வரும். 70 சென்டிமீட்டர் சதுரத் துணிக்கு 30 சென்டிமீட்டர் பெட்டி தாராளமாக அடங்கும். கழுத்தில் சுற்றும் துணியோ, சமையலறைத் துண்டோ, மேஜை விரிப்போ எதுவானாலும் சரி. பிரித்த பிறகு அதுவும் அவருக்கு ஒரு பொருள்.

அடுத்து வருவதுதான் என் கணக்கில் மிக முக்கியம். ஒவ்வொரு பொருளிலும் ஒரு சின்னச் சீட்டுக் கட்டுங்கள். சீட்டில் பொருளின் பெயர் வேண்டாம், அது பார்த்தாலே தெரியும். அது ஏன் அங்கே இருக்கிறது என்று எழுதுங்கள். ‘அன்றைக்கு மழையில் நனைந்து வந்து, கால் இன்னும் சூடாகவில்லை என்று சொன்னாயே, அதற்கு.’ இப்படி ஒரு வரி இருந்தால் சாதாரண சாக்ஸ் உங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த பொருளாகிவிடும். பிரான்சிஸ் ஃபிளின், கேப்ரியல் ஆடம்ஸ் இருவரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், விலை கூடினால் மகிழ்ச்சியும் கூடும் என்று கொடுப்பவர்கள் எதிர்பார்த்தார்கள். பெற்றவர்களிடம் அப்படி ஒரு தொடர்பே தென்படவில்லை. எனக்குப் பரிசாக வந்ததில் இன்றும் நினைவில் நிற்பவற்றை எண்ணிப் பார்த்தால் ஒன்றின் விலைகூட எனக்குத் தெரியாது.

இந்தச் சீட்டுக்கு விஷயம் எங்கே கிடைக்கும்? வருடம் முழுவதும் காதில் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. ‘இந்தக் கத்தி மொக்கை’, ‘சின்ன வயதில் ஒரு கலர் பென்சில் பெட்டிக்கு ஏங்கியிருக்கிறேன்’, ‘கண்ணாடியை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை’. கேட்ட உடனே ஃபோனில் அவர் பெயருக்குக் கீழே குறித்து வைத்துவிடுங்கள். பரிசு கொடுக்கும் நாளுக்கு முந்தின நாள் உட்கார்ந்து யோசித்தால் ஒன்றும் வராது.

உழைப்பையும் கூடையில் வைக்கலாம். ஆனால் ‘எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு’ என்று எழுதாதீர்கள், யாரும் கூப்பிட மாட்டார்கள். நாள், நேரம், வேலை மூன்றையும் எழுதுங்கள். ‘வரும் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, காலை பத்து முதல் பன்னிரண்டு வரை குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ தூங்கு.’ கீழே கையெழுத்து.

சில எச்சரிக்கைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் செய்த தின்பண்டம் எதுவானாலும், அதில் போட்ட பொருள்கள், செய்த தேதி இரண்டையும் எழுதி ஒட்டுங்கள். கடலை, பாதாம், முந்திரி போன்றவை சிலருக்கு ஆபத்தான ஒவ்வாமை தரும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது. நாய் இருக்கும் வீட்டுக்கு சைலிட்டால் என்ற மாற்று இனிப்புப் போட்ட சர்க்கரையில்லா மிட்டாய், சாக்லேட், திராட்சை எல்லாம் போனால் எட்டாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். பூனை இருக்கும் வீட்டுக்கு லில்லிப் பூவே வேண்டாம், மேலே பட்ட மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் போய்விடலாம். மூன்று வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால், விழுங்கும் அளவிலான சின்னப் பொருளும் பொத்தான் பேட்டரி போட்ட மினுக்கு விளக்கும் கூடாது. நோயாளியைப் பார்க்கப் போகும்போது வாசனை கடுமையாக வேண்டாம். தீவிர சிகிச்சைப் பிரிவுகள் பலவற்றில் பூவை உள்ளே விடுவதில்லை.

வெளியூருக்கு அனுப்புவதாக இருந்தால் கூடை என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். கூரியர் நிறுவனங்கள் பல, எடையோடு இடத்தையும் கணக்கிடுகின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது பரவலான முறை. வருகிற எண்ணும் உண்மையான எடையும், இரண்டில் எது கூடவோ அதற்குக் கட்டணம். 40, 30, 30 அளவுள்ள கூடைப் பெட்டி உள்ளே இரண்டு கிலோவே இருந்தாலும் 7.2 கிலோவாகத்தான் கணக்காகும். அதே பொருள்களைத் தட்டையாக 30, 22, 10 அளவுப் பெட்டியில் அடுக்கினால் 1.32 தான் வரும், அப்புறம் உண்மையான எடை இரண்டு கிலோவுக்குக் கட்டினால் போதும். இந்த மிச்சத்திலேயே இன்னொரு நல்ல பொருள் வாங்கிவிடலாம். திரவம் இருந்தால் மூடியைத் திறந்து, வாயில் ஒரு துண்டு பிளாஸ்டிக் உறையை வைத்து மறுபடி மூடி, தனிப் பையில் போடுங்கள். பெட்டியை ஒட்டியதும் காதருகே வைத்துக் குலுக்குங்கள். சத்தம் கேட்டால் பிரித்து இன்னும் தாள் திணிக்க வேண்டும்.

இனி உங்கள் மூவர்.

மேலதிகாரிக்கு, ஓய்வு பெற்ற மறுநாள் காலை எழுந்ததும் வரும் அந்த முதல் மணி நேரம். அலாரம் இல்லாத காலை. அவர் காபியா தேநீரா என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும், அதில் நல்ல தரமாக ஒன்று. அதுதான் ஐந்து பங்கு. அவர் பெயர் எழுதிய ஒரு நோட்டு. முதல் பக்கங்களில் கூட வேலை பார்த்தவர்கள் ஆளுக்கு ஒரு நினைவை எழுதியிருக்கட்டும், மீதிப் பக்கம் அவருக்கு. ‘உதவினீர்கள், நன்றி’ என்று பொதுவாக எழுத விடாதீர்கள். எந்த நாள், என்ன நடந்தது என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள். நோட்டு எல்லோரிடமும் சுற்றிவர ஒரு வாரம் பிடிக்கும், அதனால் மூன்றில் முதலில் தொடங்க வேண்டியது இது.

தோழிக்கு, நள்ளிரவில் குழந்தைக்குப் பாலூட்டும் நேரம். எல்லோரும் குழந்தைக்குச் சட்டையும் பொம்மையும் கொண்டுவந்திருப்பார்கள், அவளுக்கென்று யாரும் எதுவும் கொண்டுவந்திருக்க மாட்டார்கள். ஒரு கையாலேயே திறந்து குடிக்கக்கூடிய நல்ல தண்ணீர் பாட்டில்தான் முக்கியப் பொருள். கவரைக் கிழிக்கும் சத்தம் கேட்காதபடி ஜாடியில் போட்ட, உதிராமல் ஒரே வாயில் தின்னக்கூடிய பண்டம். உதட்டுக் களிம்பு. கண்ணைக் கூசாத சின்ன விளக்கு. வாசனையுள்ள எதுவும் வேண்டாம், குழந்தைக்கு ஆகாமல் போகலாம். இதோடு நான் மேலே சொன்ன சனிக்கிழமைச் சீட்டு. எல்லாம் படுக்கைக்கு அருகில் கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும் என்பதால் பாத்திரம், கைப்பிடி வைத்த ஒரு சின்ன வாளியாக இருக்கட்டும்.

அக்காவுக்குத் தட்டைப்பெட்டி. தனியாக இருப்பவருக்கு வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும் அந்தச் சாயங்காலம்தான் கனமாக இருக்கும். ஒரு நல்ல போர்வைத் துணியில் எல்லாவற்றையும் சுற்றி வையுங்கள். அதுவே முக்கியப் பொருள், அதுவே பொட்டலத்துக்குப் பாதுகாப்பு. உள்ளே வனிலாச் சர்க்கரை ஒரு சின்ன ஜாடி, நீங்கள் இருவரும் சின்ன வயதில் எடுத்துக்கொண்ட படங்கள் நான்கைந்து பிரிண்ட் போட்டு, ஒவ்வொன்றின் பின்புறமும் அன்று நடந்தது. அம்மாவோ அப்பாவோ கையால் எழுதிய சமையல் குறிப்போ கடிதமோ வீட்டில் இருந்தால் அதை ஸ்கேன் செய்து, அதே அளவில் நல்ல தாளில் அச்சிட்டுச் சேருங்கள். மூலத்தை அனுப்பாதீர்கள், வழியில் தொலைந்தால் திரும்பக் கிடைக்காது. பெட்டி போய்ச் சேரும் நாளைக் கணக்குப் பார்த்து, அந்தச் சாயங்காலம் நீங்கள் வேலை எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம். அவர் பிரித்ததும் உங்களுக்குத்தான் ஃபோன் செய்வார், ஒவ்வொரு படமாக எடுத்துப் பேச நேரம் பிடிக்கும்.